முகமதிப்பு

தேவிபட்டினம் தபாலாபீசுக்கு வந்த பார்சலில்
சுங்கக்காரர்கள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்.
பணமா, சரக்கா?
பணமென்றால் ஒரு டாலர்,
ஏதோ ஒரு தீவின் டாலர்.
சரக்கென்றால் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
சென்னையில் யாரோ பதினேழு நாள் யோசித்து
சரக்கு என்று வட்டமிட்டு
வரி போட்டிருந்தார்.

வசூலிக்க வேண்டியவள் நான், தபால்காரி.
சீனி செய்யது, ஐஸ் கம்பெனிக்கு எதிர்வீடு.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.
"நில்லும்மா, நீயும் பாரு" என்றார்.
டார்ச் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டினார்.
அட்டைக்குள் மரப்பெட்டி,
மரப்பெட்டிக்குள் வெல்வெட்,
வெல்வெட்டில் புதைந்த கண்ணாடிச் சிமிழ்,
சிமிழுக்குள்
ஆவுளியா.

எங்கள் கடலில் மேய்கிற அதே ஆவுளியா.
வெள்ளியில் அடித்து நிறமேற்றியிருந்தார்கள்.
மூக்கடியில் தாழை, பச்சை எனாமல்.
கண்ணுக்குக் கடுகளவு ஒரு கல்.
பின்பக்கம் இரண்டு தென்னை, நாட்டின் பெயர்.

அந்த ஊர்க் கடையில் இதைக் கொடுத்து
ஒரு தேங்காய் வாங்கலாமா என்றேன்.
அங்கே ஒருத்தரும் இதைக் கண்டிருக்க மாட்டார்கள் என்றார்.
அடித்தது கடலே இல்லாத ஒரு நாட்டில்.
விற்றது வேறொரு நாட்டு வியாபாரி.
தீவு பெயரை மட்டும் கொடுத்திருக்கிறது.
எனக்குப் புரிந்தது.
மானிய டீசலுக்காக
ஒருத்தன் பெயரில் இன்னொருத்தன் படகு ஓட்டுவது
எங்கள் கரைக்குப் புதிதா?

சான்றிதழைப் படித்துக் காட்டினார்:
ஆயிரத்து ஐந்நூறில் முந்நூற்றுப் பன்னிரண்டாவது.
இதற்குமேல் ஒன்றுகூட வராது,
அச்சை உடைத்துவிடுவார்களாம்.
சொல்லும்போது அவர் குரலில்
பிள்ளை தூங்கிவிட்ட வீட்டின் நிம்மதி.

டார்ச் என் கையில் கொஞ்சம் ஆடியது.
போன மாசியில் ஒன்று கரையொதுங்கியது.
நாலு பேர் புரட்டினார்கள்.
வாலடியில் வலை அறுத்த கோடு.
கண்ணைத் தேடினேன், நண்டு முந்திக்கொண்டிருந்தது.
வனத்துறை டேப் பிடித்து அளந்து
பதிவேட்டில் அதற்கும் ஓர் எண் போட்டது.
எத்தனையில் என்று எழுதப் பக்கத்தில் கட்டம் இருந்தது.
பேனாவை வைத்திருந்தவர்
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்,
ஒரு கோடு இழுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வரி போக மீதி இரண்டு ரூபாய் தரவேண்டும்.
என் பையில் இருந்தது
பூவலிங்கம் எடுத்த காசு ஒன்றுதான்.
என் வீட்டுக்காரர்.
நவபாஷாணக் கல்லைச் சுற்றி, நீர் வற்றும் நேரத்தில்,
சேற்றைக் காலால் துழாவிக் காசு பொறுக்குகிறவர்.
சனிக்கு நிறைய விழும். புதனை யாரும் கண்டுகொள்வதில்லை.
எல்லாம் கறுத்து, உப்பேறி,
தலையும் பூவும் ஒன்றாகிப் போனவை.
புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோனாலும்
ராமநாதபுரம் பஸ்ஸில் கண்டக்டர்
"இது காசா, ஆணியா?" என்பார்.

கூச்சத்தோடுதான் நீட்டினேன்.
வேண்டாம் என்பார் என்றிருந்தேன்.
வாங்கி, லென்ஸுக்கு அடியில் வைத்தார்.
சிமிழை மேசையோரம் தள்ளிவிட்டு
வெகுநேரம் பார்த்தார்.
"எந்த வருசம்?"
தெரியாதுங்க.
"எந்த ஊர் அடிச்சது?" என்றார், தனக்குத்தானே.
வருசத்துக்குக் கீழே ஒரு புள்ளியோ நட்சத்திரமோ இருக்குமாம்,
அதை வைத்துச் சொல்லிவிடலாமாம்.
டார்ச்சைச் சாய்க்கச் சொன்னார், சாய்த்தேன்.
இன்னும் சாய்க்கச் சொன்னார்.
கடைசியில்
வலதுகைக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு
பெருவிரலால் தேய்க்கத் தொடங்கினார்.

விரல் கறுத்தது.
ஒன்றும் தெரியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்தேன்.
பொருள் விவரம் என்ற இடத்தில்
ஆவுளியா, ஒன்று
என்று எழுதினேன்.
போஸ்ட்மாஸ்டர் சிவப்பு மையால் அடித்து
மேலே
நாணயம் என்று எழுதினார்.